தொழில் பாடம்: விற்றதெல்லாம் வரவாகாது
பில்லியர்ட்ஸ் கம்பு செய்த ஒரு கம்பெனியின் கதை



குன்னத்தூர், ஊத்துக்குளி வட்டாரத்தில் பல குழுக்கள் இப்போது சேமிப்பு, உள்கடன் என்பதோடு நிற்காமல் தொழிலிலும் இறங்கி இருக்கின்றன. துணிப்பை தைக்கிறார்கள், நைட்டி தைக்கிறார்கள், பனியன் கம்பெனிக்குக் கைமடிப்பும் செக்கிங்கும் எடுத்துச் செய்கிறார்கள். சந்தோஷமான விஷயம். ஆனால் தொழில் என்று வந்துவிட்டால் தைக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, கணக்கும் தெரிய வேண்டும். அதற்காகத்தான் இந்த மாதம் ஒரு கம்பெனியின் கதையை எடுத்துக்கொண்டோம். பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர் விளையாட்டுக்கு மேஜையும் கம்பும் செய்த கம்பெனி அது.

"ஏனுங்க, நாம என்ன கம்பு வெச்சு விளையாடவா போறோம்?" என்று கேட்கத் தோன்றும். விளையாடப் போவதில்லைதான். ஆனால் அந்தக் கம்பெனி 100 வருஷத்துக்கு மேல் நன்றாக நடந்து, வியாபாரம் உச்சத்தில் இருந்தபோது தடுமாறியது. ஏன் தடுமாறியது என்பது நம் ஒவ்வொரு குழுவுக்கும் பாடம். கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்கலாம். கடைசியில் உள்ள கேள்விகளை எல்லோரும் சேர்ந்து பேசுங்கள்.

அது என்ன கம்பு?

பச்சைத் துணி விரித்த பெரிய மேஜை. அதன் மேல் வண்ணப் பந்துகள். நீளமான ஒரு கம்பால் வெள்ளைப் பந்தைக் குத்தி, அது போய் இன்னொரு பந்தில் பட்டு, அந்தப் பந்து மேஜை ஓரத்துப் பைக்குள் விழ வேண்டும். சினிமாவில் பார்த்திருப்பீர்கள். அந்தக் கம்புக்குப் பெயர் 'கியூ'. ரேஷன் கடையில் நாம் நிற்கும் கியூ வேறு, இது வேறு.

பார்த்தால் சாதாரணக் கம்புதான். செய்வது அத்தனை சுலபம் இல்லை. ஆஷ், மேப்பிள் என்ற மரங்களில் செய்கிறார்கள். மரத்தை அறுத்த உடனே இழைத்தால், காயக் காய அது கோணிக்கொள்ளும். அதனால் காயவிட்டு, கொஞ்சம் இழைத்து, மறுபடியும் ஆறவிட்டு, மறுபடியும் கொஞ்சம் இழைத்து என்று பொறுமையாக மெலிய வைக்க வேண்டும். பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். ரோலில் இருந்து எடுத்த துணியை ஆறவிடாமல் உடனே கட்டிங் போட்டால், தைத்த பிறகு அளவு சுருங்கிப் போகும் அல்லவா? அதே கதைதான்.

கம்பின் நுனியில் சின்னதாக ஒரு தோல் வில்லை ஒட்டியிருக்கும். சுமார் 200 வருஷத்துக்கு முன்னால் பிரான்ஸ் நாட்டின் மிங்கோ என்ற ராணுவ அதிகாரி இந்தத் தோல் நுனியைப் பிரபலமாக்கினார். அதன் பிறகுதான் பந்தைச் சுழல வைத்து ஆட முடிந்தது. விரல் நகம் அளவு தோல் ஒரு விளையாட்டையே மாற்றிவிட்டது.

நம்ம ஊட்டியில் எழுதிய விதி

இந்த விளையாட்டுக்கும் நமக்கும் சம்பந்தமே இல்லை என்று நினைக்க வேண்டாம். ஸ்னூக்கர் பிறந்ததே இந்தியாவில்தான். 1875-ல் ஜபல்பூரில் இருந்த ஆங்கிலேய ராணுவ அதிகாரிகள், பழைய பில்லியர்ட்ஸ் ஆட்டத்தில் கூடுதல் வண்ணப் பந்துகளைச் சேர்த்து இதை ஆடத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவர் நெவில் சேம்பர்லின். அவரே பிறகு ஊட்டிக்கு வந்தபோது, 1882-ல் ஊட்டி கிளப்பில் இதற்கான விதிகளை எழுதி வைத்தார். இங்கிருந்து மேட்டுப்பாளையம் போய் மலை ஏறினால் வரும் அதே ஊட்டிதான்.

அந்தக் காலத்தில் அந்த கிளப்புகளுக்குள் நம் ஆட்கள் மேஜை துடைக்கவும் தேநீர் கொடுக்கவும்தான் போக முடிந்தது. காலம் மாறிவிட்டது. 2025 நவம்பரில் கத்தார் நாட்டின் தோஹாவில் நடந்த பெண்களுக்கான உலக ஸ்னூக்கர் போட்டியில் சென்னையைச் சேர்ந்த அனுபமா ராமச்சந்திரன் பட்டம் வென்றார். நம் தமிழ்நாட்டுப் பெண் பிள்ளை! இந்தச் செய்தியை உங்கள் வீட்டுப் பெண் குழந்தைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள்.

வண்டிப் பட்டறையில் தொடங்கியது

இப்போது கம்பெனியின் கதைக்கு வருவோம். அதன் பெயர் பிரன்ஸ்விக். தொடங்கியவர் ஜான் மோசஸ் பிரன்ஸ்விக். சுவிட்சர்லாந்தில் 1819-ல் பிறந்தவர். 15 வயதில், பிழைப்புக்காகக் கப்பல் ஏறி அமெரிக்கா போனார். நம் பக்கத்தில் தேனி, திண்டுக்கல், ராமநாதபுரத்தில் இருந்து பிள்ளைகள் திருப்பூருக்குப் பஸ் ஏறி வருவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே எடுபிடி வேலை பார்த்தார். பிறகு குதிரை வண்டி செய்யும் பட்டறையில் சேர்ந்து மரவேலை கற்றார். 1845-ல் சின்சினாட்டி என்ற ஊரில் சொந்தப் பட்டறை வைத்தார். செய்தது குதிரை வண்டி. ஆனால் அதே வருஷம் ஒரு பில்லியர்ட்ஸ் மேஜையும் செய்து பார்த்தார். அது நன்றாக அமைந்தது. அன்று வரை நல்ல மேஜைகள் பெரும்பாலும் இங்கிலாந்தில் இருந்துதான் வந்துகொண்டிருந்தன. உள்ளூரிலேயே செய்து கொடுக்க ஆள் கிடைத்ததும் ஆர்டர் வந்தது. மேஜையோடு கம்பு, கம்பு வைக்கும் தாங்கி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அவர் தெரியாத தொழிலில் குதிக்கவில்லை. அவர் கைக்குத் தெரிந்தது மரம். வண்டி செய்த அதே உளியும் இழைப்புளியும்தான் மேஜையும் செய்தன. கைத்திறன் ஒன்றுதான், அதை வைத்துச் செய்த பொருள் மட்டும் மாறியது. பக்கத்து ஊர்க் குழு காளான் வளர்க்கிறது என்று நாமும் காளானுக்குப் போவதற்கு முன், நம் குழுவில் எத்தனை பேருக்கு என்ன வேலை தெரியும் என்று முதலில் எழுதிப் பார்க்க வேண்டும்.

எதிராளியோடு கூட்டு

தொழில் வளர்ந்ததும் போட்டி வந்தது. அதே சின்சினாட்டியில் ஜூலியஸ் பால்க் என்பவரும் பில்லியர்ட்ஸ் மேஜை செய்தார். நியூயார்க்கில் காலண்டர் என்பவரின் கம்பெனி பெரிய கம்பெனி. ஒருவர் விலையைக் குறைத்தால் அடுத்தவர் இன்னும் குறைப்பார். கடைசியில் யாருக்கும் லாபம் இல்லை. திருப்பூர் ஜாப் ஒர்க்கில் நாம் பார்க்காததா? "அந்த யூனிட்டில் பீஸுக்குப் பத்துப் பைசா கம்மியாச் செய்யறாங்க" என்ற ஒரே வார்த்தையில் நம் கூலி இறங்கிவிடும்.

பிரன்ஸ்விக் 1870-களில் பால்க்கோடு சேர்ந்தார். 1884-ல் காலண்டர் கம்பெனியும் சேர்ந்தது. மூன்று பெயரையும் சேர்த்து 'பிரன்ஸ்விக் பால்க் காலண்டர் கம்பெனி' என்று பெயர் வைத்தார்கள். அன்றைக்கு உலகத்திலேயே மிகப் பெரிய பில்லியர்ட்ஸ் கம்பெனிகளில் ஒன்றாக அது ஆனது. தனித்தனிக் குழுவாக இருக்கும் நாம் கூட்டமைப்பாகச் சேர்வதும் இதே பலத்துக்காகத்தான். பத்துக் குழுக்கள் தனித்தனியாகத் துணி வாங்குவதற்கும், சேர்ந்து மொத்தமாக வாங்குவதற்கும் விலையில் வித்தியாசம் இருக்கிறது.

காலண்டர் கம்பெனியைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. அப்போது பில்லியர்ட்ஸ் பந்துகளை யானைத் தந்தத்தில் கடைந்தார்கள். ஒரு தந்தத்தில் சில பந்துகள்தான் தேறும். தந்தம் கிடைப்பது குறைந்து விலை ஏறிக்கொண்டே போனது. அதனால் தந்தத்துக்கு மாற்றுப் பொருள் கண்டுபிடிப்பவருக்கு 10,000 டாலர் பரிசு என்று காலண்டரும் அவர் கூட்டாளியும் 1860-களில் அறிவித்தார்கள். அந்த முயற்சியில் இறங்கிய ஜான் ஹயாட் என்பவர் உருவாக்கியதுதான் செல்லுலாய்டு. பிளாஸ்டிக் தொழிலின் ஆரம்பங்களில் அதுவும் ஒன்று. நூல் விலை ஏறினால் தலையில் கை வைத்து உட்காருவது நமக்கு வழக்கம். வேறு எதில் செய்யலாம் என்று தேடுபவர்களுக்குத்தான் வழி பிறக்கிறது.

ஒரு வாசல் அடைபட்டால்

பில்லியர்ட்ஸ் மேஜைகள் அதிகம் போன இடம் மதுக்கடைகள். அதனால் கம்பெனி அந்தக் கடைகளுக்கு வேலைப்பாடு மிக்க மரக் கவுண்டர்களும் செய்து கொடுத்தது. நல்ல வருமானம். ஆனால் அமெரிக்காவில் மதுவுக்கு எதிரான இயக்கம் வலுத்தது. அந்த இயக்கத்தில் பெண்கள் முன்னணியில் நின்றார்கள். மாநிலம் மாநிலமாகக் கடைகள் மூடப்பட்டு, 1920-ல் நாடு முழுவதும் மதுவிலக்கு வந்தது. 1933 வரை நீடித்தது.

கம்பெனி 1920 வரை காத்திருக்கவில்லை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, அதற்குப் பல வருஷம் முன்பிருந்தே வேறு பொருட்களுக்கு மாறத் தொடங்கியது. பந்து உருட்டும் விளையாட்டுக்கான சாமான்கள், வாகன டயர், 1916 முதல் கிராமபோன் பெட்டி என்று செய்தது. கிராமபோனும் மரப்பெட்டிதானே! அந்தக் கிராமபோன், இசைத்தட்டு வியாபாரத்தை 1930-ல் வார்னர் சினிமா கம்பெனிக்கு விற்றுவிட்டது. நாடே பஞ்சத்தில் விழுந்துகொண்டிருந்த நேரம் அது. விற்றது நல்லதாகப் போனது.

ஒரே ஒருவரை நம்பி இருப்பது ஆபத்து. ஒரே ஒரு கம்பெனிக்கு மட்டும் பை தைத்துக் கொடுக்கும் குழு, அந்தக் கம்பெனி ஆர்டரை நிறுத்திய மாதமே உட்கார்ந்துவிடும். ஒரு வாசல் திறந்திருக்கும்போதே அடுத்த வாசலைத் தட்டி வைக்க வேண்டும்.

கம்பை வாங்கித் தங்கமாக்கியவர்

இடையில் ஒரு சின்னக் கதை. பிரன்ஸ்விக் கம்பெனி 'டைட்லிஸ்ட்' என்ற பெயரில் கியூ கம்பு விற்றது. ரஷ்யாவில் இருந்து 1924-ல் அமெரிக்காவுக்கு வந்த ஜார்ஜ் பலபுஷ்கா என்ற மரவேலைக்காரர், 1959-ல் கியூ செய்யத் தொடங்கினார். இந்த டைட்லிஸ்ட் கம்புகளை வாங்கி, இரண்டு துண்டாக்கி, நடுவில் மூட்டு வைத்து, பிடியில் நூல் சுற்றி, சமநிலை பார்த்து, தன் கை வேலையாக மாற்றிக் கொடுத்தார். 1975-ல் அவர் இறந்துவிட்டார். அவர் செய்த கம்புகளை இன்றும் பெரும் விலை கொடுத்து வாங்கி வைக்கிறார்கள். மரம் கம்பெனியுடையது, மதிப்பு அவர் கையுடையது. வெறும் துணிப்பை ஒரு விலைக்குப் போகும். அதே பையில் உள்பை வைத்து, ஜிப் போட்டு, பிசிர் இல்லாமல் முடித்தால் அது வேறு விலை.

நல்ல காலத்தில் வந்த நஷ்டம்

இனிதான் முக்கியமான பகுதி. பத்துக் கட்டைகளை நிறுத்தி வைத்து, தூரத்தில் இருந்து கனமான பந்தை உருட்டி வீழ்த்தும் விளையாட்டுக்கு பவுலிங் என்று பெயர். விழுந்த கட்டைகளைத் திரும்ப நிறுத்துவதற்குப் பையன்களைக் கூலிக்கு வைத்திருந்தார்கள். 1950-களில் அந்த வேலையைத் தானாகச் செய்யும் மெஷின் வந்தது. பிரன்ஸ்விக்கும் 1956-ல் தன் மெஷினைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் ஊருக்கு ஊர் பவுலிங் கூடங்கள் முளைத்தன. குடும்பத்தோடு போய் விளையாடினார்கள். ஆர்டர் குவிந்தது.

மெஷினின் விலையோ அதிகம். கூடம் வைப்பவர்கள் கையில் அத்தனை பணம் இல்லை. கம்பெனி என்ன செய்தது? கொஞ்சம் முன்பணம் வாங்கிக்கொண்டு, மீதியைப் பல வருஷத் தவணையில் கொடுத்தால் போதும் என்று மெஷினை அனுப்பியது. அப்படி அனுப்புவதற்குத் தேவையான பணத்தைத் தான் கடன் வாங்கிச் சமாளித்தது. அதாவது, வாங்கிய கடனை வைத்துக் கடனுக்கு விற்றது. கணக்குப் புத்தகத்தில் விற்பனை ஏறிக்கொண்டே போனது. லாபமும் ஏறியது. எல்லோருக்கும் சந்தோஷம்.

1960-களின் தொடக்கத்தில் நிலைமை மாறியது. தெருவுக்குத் தெரு கூடம் வந்ததால் ஒவ்வொரு கூடத்துக்கும் வரும் கூட்டம் குறைந்தது. கூடம் வைத்தவர்களால் தவணை கட்ட முடியவில்லை. பலர் அப்படியே போட்டுவிட்டுப் போனார்கள். மெஷினைத் திரும்ப எடுத்தால் வாங்க ஆள் இல்லை. சில இடங்களில் கூடத்தையே கம்பெனி எடுத்து நடத்த வேண்டி வந்தது. லாபம் என்று எழுதி வைத்திருந்தது வாராக்கடனாக மாறி, பெரும் நஷ்டம் ஏற்பட்டது. 1963-ல் நிர்வாகத்தை நடத்த வெளியில் இருந்து ஒருவரைக் கொண்டுவந்தார்கள். தலைமுறைகளாகக் குடும்பத்தின் கையில் இருந்த தலைமை கைமாறியது.

மெஷினில் குறை இல்லை. தொழிலாளர் உழைப்பில் குறை இல்லை. வாங்க ஆள் இல்லாமலும் போகவில்லை. விற்ற பணம் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

கம்பெனி மூழ்கிவிடவில்லை. 1961-ல் வாங்கியிருந்த மெர்க்குரி என்ற படகு இன்ஜின் தொழில் கைகொடுத்தது. இன்று பிரன்ஸ்விக் என்றால் முக்கியமாகப் படகும் இன்ஜினும்தான். தொடங்கி வைத்த பில்லியர்ட்ஸ் பிரிவு 2019-ல் கைமாறி, 2022-ல் மறுபடியும் கைமாறி, எஸ்கலேடு என்ற விளையாட்டுச் சாமான் கம்பெனியிடம் இருக்கிறது. அதே பெயரில் மேஜையும் கம்பும் இன்றும் விற்பனையாகின்றன.

நம் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

பெரிய கம்பெனிக் கதை நமக்கு எதற்கு? ஒரு உதாரணக் கணக்கை எடுத்துக்கொள்வோம். நோட்டும் பேனாவும் எடுத்து நீங்களும் போட்டுப் பாருங்கள்.

ஒரு குழுவில் ஐந்து பேர் சேர்ந்து 50,000 ரூபாய் கடன் எடுத்து 1,000 துணிப்பை தைக்கிறார்கள். துணி, நூல், ஜிப் செலவு 35,000. தையல் கூலி 15,000. ஒரு பை 60 ரூபாய்க்கு விற்கிறார்கள். மொத்த விற்பனை 60,000. லாபம் 10,000 என்று நோட்டில் எழுதிவிடலாம். பைக்குப் பத்து ரூபாய் லாபம்.

ஆனால் எல்லாப் பையும் கடைகளுக்குக் கடனுக்குப் போயிருக்கிறது. பணம் வர நாலு மாசம் ஆகிறது. 100 ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி என்றால் நாலு மாசத்துக்கு 2,000 ரூபாய். லாபம் 8,000 ஆகிவிட்டது. அதோடு போகவில்லை. கையில் பணம் இல்லாததால் அடுத்த ஆர்டருக்குத் துணி வாங்க முடியவில்லை. மெஷின் சும்மா நிற்கிறது.

இதில் ஒரு கடைக்காரர் 15,000 ரூபாய் தராமலே போய்விட்டார் என்றால்? 8,000 லாபமும் போய், கையில் இருந்து 7,000 ரூபாய் போட வேண்டும். அந்த 15,000 ரூபாயை மறுபடியும் சம்பாதிக்க, பைக்குப் பத்து ரூபாய் லாபத்தில் இன்னும் 1,500 பை தைத்து விற்க வேண்டும். ஒருவர் ஏமாற்றியதற்கு 1,500 பை! எத்தனை நாள் கழுத்துவலியும் முதுகுவலியும் அதில் இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. கடைக்காரர் தரவில்லை என்றாலும் குழுக் கடனை நாம் கட்டியே ஆக வேண்டும். கட்டாவிட்டால் அந்த ஐந்து பேர் பெயர் மட்டும் கெடாது. குழுவின் பெயரே கெட்டு, மற்ற உறுப்பினர்களின் படிப்புச் செலவுக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் கிடைக்க வேண்டிய கடனும் நின்றுபோகும்.

என்ன செய்யலாம்?

• கடனுக்கே விற்க மாட்டோம் என்று இந்தத் தொழிலில் சொல்ல முடியாது. எவ்வளவு வரை கடன் கொடுக்கலாம் என்று குழுவில் முடிவு செய்து தீர்மான நோட்டில் எழுதுங்கள். புது ஆளுக்கு முதல் ஆர்டரில் பாதிப் பணம் முன்பணம் கேளுங்கள்.

• பாக்கி நோட்டு ஒன்று தனியாக வையுங்கள். யாருக்கு, எந்தத் தேதியில், எத்தனை பீஸ், எவ்வளவு ரூபாய், தருவதாகச் சொன்ன தேதி என்ன என்று ஐந்து பத்தி போதும். மாதக் கூட்டத்தில் சேமிப்பு வாசிப்பது போல இதையும் சத்தமாக வாசியுங்கள்.

• பழைய பாக்கி வராமல் புதுச் சரக்கு அனுப்பாதீர்கள். "அடுத்ததோடு சேர்த்துத் தர்றேன் அக்கா" என்ற பேச்சில்தான் பாக்கி வளர்கிறது.

• வாயால் சொன்ன ஆர்டர் காற்றோடு போகும். ஒரு வெள்ளைத் தாளிலாவது எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சரக்கு ஒப்படைத்த சீட்டையும் பத்திரமாக வையுங்கள்.

• சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2006-ல் வந்த குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் சட்டத்தின்படி, குறு, சிறு தொழில் செய்பவர்களிடம் சரக்கோ வேலையோ வாங்கியவர், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். எழுத்து ஒப்பந்தமே இல்லை என்றால் 15 நாள்தான். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி தர வேண்டும். இந்தப் பாதுகாப்பு கிடைக்க 'உத்யம்' பதிவு வேண்டும். 2020-ல் தொடங்கிய இந்தப் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. சுய உதவிக் குழுவாகவும் பதியலாம். ஆர்டர் எடுப்பதற்கு முன்பே பதிந்து வையுங்கள். பணம் தராதவர் மேல் எப்படிப் புகார் கொடுப்பது என்பதை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

கேட்கக் கூச்சப்படக் கூடாது. "நாலு தடவை கேட்டா சண்டைக்காரின்னு நினைப்பாங்க" என்று பல சகோதரிகள் சொல்வதைக் கேட்கிறோம். உள்கடன் தவணை ஒரு வாரம் தள்ளினால் குழுவில் எவ்வளவு கறாராகக் கேட்கிறோம்? நம் உழைப்புக்கான பணத்தையும் அதே கறாரோடு கேட்கலாம். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் ஊக்குநரும் பிரதிநிதியும் சேர்ந்து நோட்டோடு போய்க் கேளுங்கள்.

கூட்டத்தில் கலந்து பேச:

1. நம் குழுவில் யார் யாருக்கு என்ன கைத்தொழில் தெரியும்? அதே திறமையில் வேறு என்ன பொருள் செய்யலாம்?

2. நம் பொருளை இப்போது எத்தனை பேர் வாங்குகிறார்கள்? அதில் பெரியவர் ஒருவர் நிறுத்திவிட்டால் எத்தனை நாள் தாக்குப்பிடிப்போம்?

3. இன்றைய தேதியில் நமக்கு வெளியில் வர வேண்டிய பாக்கி எவ்வளவு? அதில் 45 நாள் தாண்டியது எவ்வளவு?

4. பக்கத்துக் குழுவோடு சேர்ந்து மொத்தமாக எதை வாங்கலாம்? பீஸ் கூலியில் ஒருவருக்கு ஒருவர் குறைத்துக் கேட்காமல் இருக்க என்ன தீர்மானம் போடலாம்?

மூன்றாவது கேள்விக்கான பதிலை இந்த மாதக் கூட்டத்திலேயே எழுதி, கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது கொண்டுவாருங்கள். பல குழுக்களுக்குப் பாக்கி வைத்திருப்பவர் ஒரே ஆளாக இருந்தால், எல்லோரும் சேர்ந்து போய்க் கேட்கலாம்.